வளரும் குழந்தைக்கு அளவறிந்த உணவு



தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் விதி. ஆகவே, குழந்தைகளின் உடற்பருமன் பற்றிய இப்பாடத்தை நாம் நன்கறிந்த பால்கோவாவிலிருந்து தொடங்குவோம்.

2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, பாலும் சர்க்கரையும் சேர்ந்தது. பாலிலுள்ள நீர் வற்ற வற்றக் கொழுப்பும் இனிப்பும் செறிகின்றன. ஒரு குவளைப் பாலை அருந்திய குழந்தைக்கு வயிறு நிறைகிறது. அதே பால் சுண்டிக் கோவாவானால் நான்கு வாயில் முடிந்துவிடுகிறது. வயிறோ இன்னும் கேட்கிறது. சாத்தூர்ச் சேவுக்கும் இஃது ஒக்கும். விழாநாளில் உண்ட பண்டம் அன்றாட மாலைச் சிற்றுண்டி ஆனதே இன்றைய இடர்.

நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோருள் எடை மிகுந்த குழந்தைகள் 2015-16இல் நூற்றுக்கு 2.1 ஆக இருந்தனர், 2019-21இல் 3.4 ஆயினர். இவ்வாறு பருத்த குழந்தை பின்னாளில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் எளிதில் ஆளாகிறது. வகுப்பில் கேலிக்கு ஆளாவதோ இன்றே தொடங்கிவிடுகிறது.

மருந்து தீர்வாகுமா?

எடை குறைக்கும் புதிய ஊசிமருந்துகள் 2025இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தன. குழந்தைக்கு மருந்து தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். விளம்பரம் கண்டு சூரணம் வாங்கிக் கொடுத்தல் தகாது. மருந்து தர நேரினும் உணவும் விளையாட்டும் ஒழுங்குபட்டே ஆகவேண்டும். வளரும் பருவத்தில் உயரம் கூடும்போது எடை கூடாது நின்றாலே பல குழந்தைகளுக்குப் போதும்.

ஒரு சிறு கணக்கு

7 முதல் 9 வயதுக் குழந்தைக்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி தேவை. சேர்க்கும் சர்க்கரையால் வருவது இதில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அஃதாவது, ஏறத்தாழ 42 கிராம். 200 மில்லி குளிர்பானம் ஒன்றே இதில் பாதியைத் தந்துவிடுகிறது. பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை மாணவர்க்கு விற்றலாகாது என 2020ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. வீட்டு அலமாரிக்கு விதி செய்ய வேண்டியவர் நாமே.

இல்லத்தில் செய்யத்தக்கவை

பன்னிரு தவங்களுள் வயிறு நிறையுமுன் நிறுத்தும் அவமோதரியமும், நெய், எண்ணெய், சர்க்கரை முதலியவற்றைக் குறைக்கும் இரச பரித்தியாகமும் உள்ளன. இவற்றைப் பெரியோர் கடைப்பிடிக்கட்டும். வளரும் குழந்தையைப் பட்டினியிடுதல் ஆகாது. பகலுணவு என்னும் நம் மரபோ எல்லோருக்கும் நன்று. பொழுது சாயுமுன் இல்லத்தார் கூடி உண்டால், இரவில் பரோட்டாவும் தொலைக்காட்சி முன் கொறித்தலும் தாமே நீங்கும்.

காலையில் கம்போ குதிரைவாலியோ சமைக்கலாம். மாலையில் பாசிப்பயற்றுச் சுண்டல் தரலாம். இராஜபாளையத்து மாம்பழத்தைச் சாறாக்காமல் துண்டுகளாக நறுக்கித் தருக. மென்று உண்கையில் அளவு தெரியும். தாகத்திற்குத் தண்ணீரும் மோரும் போதும். நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடி விளையாடட்டும்.

ஒன்று நினைவிற் கொள்க: பருத்த குழந்தைக்கு மட்டும் தனித்தட்டு வையாதீர், அது தண்டனையாகிவிடும். வீடு முழுவதும் ஒரே உணவை உண்ணுக. குழந்தையின் செவிபட அதன் உடலைப் பற்றிப் பேசாதிருப்பதும் அகிம்சையே.

பயிற்சி

1. சென்ற வாரம் உங்கள் இல்லத்தில் வாங்கிய இனிப்பு, எண்ணெய்ப் பண்டங்களை எழுதுக. அவற்றுள் விழாவுக்கென வாங்கியவை எத்தனை?
2. கதிரவன் மறையுமுன் அனைவரும் கூடி உண்ட நாள்கள் எத்தனை?
3. அடுத்த வாரத்திற்குரிய மாலைச் சிற்றுண்டிப் பட்டியலைக் குழந்தையோடு அமர்ந்து எழுதுக.