புளி இனிப்பும் பிள்ளையின் பல்லும்

புளியங்காயைக் கடித்தவுடன் பல் கூசுவதை நாம் எல்லோரும் அறிவோம். சற்று நேரத்தில் அது போய்விடும். ஆனால் புளிப்பு நாள் முழுவதும் வாயில் ஊறிக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும்?

பல்லின் வெண்மையான மேற்படையை மிளிரி என்பர். நமது உடம்பில் இதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. இதில் நூற்றுக்குத் 95 பங்கு அளவு கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த உப்பாகும். அமிலம் பட்டால் இவ்வுப்பு கரையும். உமிழ்நீர் அமிலத்தைக் கழுவி, இளகிய இடத்திற்குச் சிறிது உப்பைத் திருப்பிக் கொடுக்கும். அதற்கு நேரம் வேண்டும். தேய்ந்துபோன மிளிரியோ மறுபடி வளராது. முறிந்த எலும்பு பொருந்தும், பல் அப்படியல்ல.

ஒரு கோழி முட்டையை வினாகிரியில் இட்டு ஓரிரு நாள் வைத்துப் பாருங்கள். கோது கரைந்து தோல் மட்டும் இருக்கும். பல் இவ்வளவு விரைவில் கரையாது. என்றாலும் பிள்ளைகளுக்குக் காட்ட இது நல்ல பாடம்.

புளிப்பு டொபிகளில் பெரும்பாலும் சேர்ப்பது தேசிக்காயில் உள்ள அதே சித்திரிக்கமிலந்தான். உறையில் 330 என்ற எண் இருந்தால் அதுவே. தேசிக்காய்த் தண்ணீரை நாம் குடித்து முடித்துவிடுகிறோம். டொபியோ கன்னத்தில் ஒதுங்கி நெடுநேரம் கிடக்கிறது. அதிலுள்ள சீனியைக் கிருமிகள் தின்று சூத்தையை உண்டாக்குவது வேறு. சீனி இல்லாத புளிப்பு இனிப்பும் மிளிரியைக் கரைக்கும். 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் இடப்படும் நிற அடையாளம் சீனியின் அளவைத்தான் சொல்லும், புளிப்பைச் சொல்லாது.

2007 இல் படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை: மாட்டையும் வயலையும் விட்டு வந்தால் தயிரும் காசுக்கு வாங்கும் பொருளாகிவிடும். அழும் பிள்ளையைத் தேற்ற மிகக் குறைந்த காசுக்குக் கிடைப்பது டொபிதான். தாய்மாரை நாம் குறை கூறவில்லை. ஆனால் டொபிக்குப் போகும் சில்லறையைச் சேர்த்து வாரத்தில் ஒரு சட்டி தயிர் வாங்க முடியுமானால் அது மேல். தயிரும் புளிப்புத்தானே என்று கேட்பீர்கள். தயிரில் கல்சியமும் பொசுபேற்றும் நிறைந்திருப்பதால் அது பல்லின் உப்பைக் கரைப்பதில்லை.

டொபி கொடுத்தேயாக வேண்டுமானால் சோற்றுடன் சேர்த்துக் கொடுங்கள். பின் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள். உடனே பல் துலக்க விடாதீர்கள். இளகிய மிளிரி உராய்ந்து போகும். ஒரு மணித்தியாலம் போகட்டும். உமிக்கரியும் செங்கல் தூளும் எந்நேரமும் வேண்டாம். படுக்கும்போது டொபி கூடவே கூடாது, உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும்.

பாற்பல் விழப்போவதுதானே என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். பாற்பல்லின் மிளிரி மெல்லியது, விரைவில் தேயும். மேலும் ஏறக்குறைய 6 வயதில் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல் பாற்பல் அல்ல. எந்தப் பல்லும் விழாமலே அது வருவதால் பலர் கவனிப்பதில்லை. முன்பல்லின் ஓரம் கண்ணாடிபோல் மெலிந்தாலோ, பல் மஞ்சளித்தாலோ, கிணற்றுத் தண்ணீர் குடிக்கும்போது பிள்ளை முகத்தைச் சுளித்தாலோ, அரச வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை தின்னும் டொபியின் உறையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.