பட்டாணி விதையும் பரம்பரைக் குறியும்

பட்டாணி உருவிற் சிறிது, பயனிற் பெரிது. உலர்ந்த விதையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் புரதமுண்டு. இரும்புச் சத்தும் உண்டு. எனினும், விதையிலுள்ள சத்து முழுவதும் உண்பார் உடலிற் சேர்வதில்லை. அதிலுள்ள பைற்றிக் அமிலம் இரும்பைப் பற்றிக்கொண்டு, குடல் அதனை உறிஞ்சாவாறு தடுக்கும். லுணுகலையைச் சூழ்ந்த தோட்டங்களில் ரொட்டியும் பருப்பும் உண்டு கொழுந்தெடுக்கும் தாய்மாரை வாட்டும் இரத்தச்சோகையை அறிந்த நமக்கு, இஃது ஏட்டறிவு மாத்திரமன்று.

அவ்வமிலம் குறைந்த விதையைக் கண்ணாற் கண்டறிதல் இயலாது. நாற்றிலேயே அதன் இயல்பை உணர்த்துவதே பரம்பரைக் குறி.

அஃது யாதென்பதை மெண்டலின் பட்டாணி கொண்டே விளக்கலாம். உருண்டை விதை, சுருங்கிய விதை என்னும் வேறுபாட்டை அவர் 1866 இல் எழுதி வெளியிட்டார். அதன் காரணத்தை 1990 இல் இங்கிலாந்தின் நொரிச் நகரத்து ஜோன் இன்னெஸ் நிலையத்தார் கண்டனர். மாப்பொருளைக் கிளைக்கச் செய்யும் நொதியத்துக்குரிய பரம்பரையலகினுள், ஏறக்குறைய 800 எழுத்துக்கள் மிகையாகப் புகுந்துள்ளன. அதனால் நொதியம் பயன்படாது போகின்றது. மாப்பொருள் குறைந்து வெல்லம் மிகுகின்றது. நீரை மிகுதியாக ஏற்ற விதை உலருங்கால் சுருங்குகின்றது. இளந்தளிர் ஒன்றை எடுத்து, அப்பரம்பரையலகுத் துண்டின் நீளத்தை அளந்தால், விதை விளையுமுன்னரே உண்மை புலனாகும். புறத்தே உருண்டையாயிருந்து அகத்தே சுருக்கத்தை மறைத்து வைத்திருக்கும் செடியும் இச்சோதனைக்குத் தப்பாது.

கனடாவின் சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தார், பைற்றிக் அமிலம் ஏறக்குறைய 60 சதவீதம் குறைந்த இரு பட்டாணி வழிகளை இரசாயனத்தால் விகாரமுறச் செய்து பெற்று, 2012 இல் வெளியிட்டனர். ஆயின் அவற்றின் விளைச்சல் தாய் இனத்தினும் சிறிது குறைந்தது. அவற்றை நல்விளைச்சல் தரும் இனங்களோடு கலந்து, விரும்பிய இயல்புடைய நாற்றுக்களை மாத்திரம் தெரிந்தெடுத்தற்குக் குறிகள் உதவும். 2019 இல் பட்டாணியின் ஏழு சோடி நிறமூர்த்தங்களின் எழுத்தமைப்பு பெரும்பாலும் வெளியானமை இப்பணியை எளிதாக்கிற்று. எனினும் குறியானது வழிகாட்டும் கைகாட்டி மரமே. வயலிற் பயிரிட்டுப் பார்த்தலே முடிந்த சோதனையாகும்.

அத்தகைய விதை நம் அடுக்களையை எய்துங்காறும் வாளாவிருத்தல் வேண்டா. பயறுகளை ஊறவைத்து முளைகட்டின் பைற்றிக் அமிலம் குறையும். உணவோடு தேசிக்காய்ப் புளி சேர்த்தால் இரும்பு எளிதில் உடலிற் சேரும். உணவுடன் அருந்தும் தேநீர் அதனைத் தடுக்குமாதலின், உண்டு ஒரு மணி நேரம் கழித்துப் பருகுதல் நன்று. தேயிலை வளர்க்கும் நம்மவர்க்கு இதனை எடுத்துரைத்தல் கற்றவர் கடனாகும்.