கேரியரில் கட்டிய பேனலும் 20 பைசா கரண்டும்

மின்சார சைக்கிளின் கேரியரில் ஒரு சோலார் பேனலைக் கட்டிவிட்டால் போதும், பிளக் பாயிண்ட் பக்கமே போக வேண்டாம், வெயில் அடிக்கும்வரை வண்டி தன்னால் சார்ஜ் ஏறி ஓடிக்கொண்டே இருக்கும் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஓய்வதாகத் தெரியவில்லை. கோடை வந்தால் புது வீடியோவும் வருகிறது. ஊர் மாறும், ஓட்டிக் காட்டும் மாணவர் மாறுவார். பேனலும் கேரியரும் மட்டும் அப்படியே இருக்கும். கீழே "பெட்ரோல் கம்பெனிகளின் சதியால் இதை அமுக்கிவிட்டார்கள்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். சதியும் இல்லை, அமுக்கலும் இல்லை. கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் மாணவர்களிடமும் எனக்குக் குறை இல்லை. ஐந்தாம் வகுப்புப் பெருக்கலைக்கூடப் போட்டுப் பார்க்காமல் ஃபார்வர்டு பொத்தானை அழுத்தும் பெரியவர்களிடம்தான் குறை. அந்தப் பெருக்கலை இங்கே போட்டுவிடுவோம்.

நடுப்பகல் வெயில் நேராக விழும்போது ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 1,000 வாட் வந்து இறங்குகிறது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல் அதில் 20 முதல் 22 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும். மீதி சூடாகப் போய்விடும். ஆக, சதுர மீட்டருக்கு 200 வாட் சொச்சம். சைக்கிள் கேரியரில் உட்காரக்கூடிய பேனல் ஒன்றரை அடி நீளம், ஓரடி சொச்சம் அகலம், 20 வாட். தமிழ்நாட்டில் மொட்டை மாடியில் தெற்குப் பார்த்துச் சாய்த்து வைத்த பேனல், கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தருகிறது. அதே விகிதத்தில் இந்த 20 வாட் பேனலுக்கு 80 வாட்-மணி. அதுவும் மாடியில் இருந்தால். கேரியரில் இருக்கும் பேனல் ஓட்டுபவரின் முதுகு நிழலிலும், புளியமர நிழலிலும், பஸ் நிழலிலும் போகிறது. இந்தச் சிறு பேனலுக்குள் 36 செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருக்கும். இரண்டு செல்மீது நிழல் விழுந்தாலும் அந்த வரிசையின் மின்னோட்டமே படுத்துவிடும்; நிழல் விழுந்த அளவுக்கு மட்டும் குறையும் என்று நினைப்பது தப்பு. தாராளமாகப் பாதி என்று வைத்தால் 40 வாட்-மணி. பெடலும் மிதித்துக்கொண்டே போகும் மின்சார சைக்கிளுக்குக் கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி பிடிக்கும். நாள் முழுக்க வெயிலில் சுமந்து திரிந்ததற்குக் கிடைத்தது 4 கிலோமீட்டர். யூனிட் 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இந்தக் கரண்டின் விலை 20 பைசா. சாதாரண உடல்வாகு உள்ளவர் அரை மணி நேரம் பெடல் மிதித்தாலே இந்த ஆற்றல் வந்துவிடும்.

இந்த 40 வாட்-மணியாவது பேட்டரிக்குள் போகிறதா என்றால், வீடியோவில் காட்டுவதுபோல் இரண்டு வயரை நேராக மாட்டினால் அதுவும் போகாது. சைக்கிள் பேட்டரி 36 வோல்ட். உள்ளே பத்து லித்தியம் செல் வரிசை. முழுச் சார்ஜில் 42 வோல்ட் காட்டும். கேரியர் பேனலோ '12 வோல்ட்' வகை. எதையும் இணைக்காத நிலையிலேயே 21, 22 வோல்ட்தான் தரும். பள்ளத்துத் தண்ணீர் தானாக மேட்டுக்கு ஏறுமா? வோல்டேஜை உயர்த்திக் கொடுக்கும் கன்ட்ரோலர் நடுவில் இருந்தால்தான் ஏறும். பெரும்பாலான வீடியோக்களில் அந்தப் பெட்டியைக் காணோம். வண்டி ஓடுகிறதே என்றால், முந்தின ராத்திரி வீட்டு பிளக்கில் ஏற்றிய சார்ஜில் ஓடுகிறது. இன்னும் சில வீடியோக்களில் சக்கரத்தில் டைனமோ வேறு. டைனமோ சுற்றக் கொடுக்கும் ஆற்றலும் அதே பேட்டரியிலிருந்தோ அதே காலிலிருந்தோதான் வர வேண்டும். கொடுத்ததில் ஒரு பகுதியைத்தான் அது திருப்பித் தரும்.

கன்ட்ரோலரை முறையாகப் பொருத்தியவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. பேனலுக்கு வெயில் வேண்டும், பேட்டரிக்கு நிழல் வேண்டும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யாதே என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். அக்னி நட்சத்திர வெயிலில் நிறுத்திய சைக்கிளின் கறுப்புப் பேட்டரிப் பெட்டியை ஒரு முறை தொட்டுப் பார்த்தால் புரியும். 20 பைசா கரண்டுக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பேட்டரியை வேக வைப்பதைச் சிக்கனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அப்படியானால் ஆஸ்திரேலியாவில் சோலார் கார் ஓடுகிறதே, ஐரோப்பாவிலிருந்து சோலார் சைக்கிளில் சீனாவுக்கே போனார்களே?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். டார்வினிலிருந்து அடிலெய்டு வரை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் சோலார் கார்ப் பந்தயம் 1987 முதல் நடக்கிறது. 2018இல் பிரான்ஸின் லியோனிலிருந்து சீனாவின் குவாங்சோ வரை சுமார் 12,000 கிலோமீட்டர் சோலார் சைக்கிள் பயணமும் நடந்தது. ஆனால் அந்த வண்டிகளின் படத்தைப் பாருங்கள். கார் என்பது ஒரே ஆள் படுத்தாற்போல் உட்காரும், தட்டையான, காற்றைக் கிழிக்கும் ஓடு. 2017 முதல் சில பந்தயங்களில் 4 சதுர மீட்டர் பேனல் என்பது விதியாக இருந்தது. சைக்கிள் என்பது தலைக்கு மேல் பந்தலும், பல வண்டிகளில் பின்னால் இழுவைப் பெட்டியும் சேர்ந்தது. மரமே இல்லாத நெடுஞ்சாலையில் அது போகும். அதே பந்தலோடு தி. நகர் ரங்கநாதன் தெருவில் நுழையுங்கள் பார்ப்போம். பேனல் வண்டியை நகர்த்துமா என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எத்தனை சதுர மீட்டர் பேனல் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, கேரியரில் அந்த இடம் இல்லை.

கேரியர் பேனலைக் கவிழ்த்த இதே கணக்குதான் மாடிப் பேனலைத் தூக்கி நிறுத்துகிறது. கேரியர் கணக்கைச் சொன்னால், "பார்த்தாயா, சோலாரே ஏமாற்று" என்று எதிர்ப்பக்கம் தாவுகிறவர்களுக்குச் சேர்த்தே சொல்கிறேன். இப்போது வீடுகளில் போடும் 550 வாட் பேனல் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். ஒரு கதவைவிடச் சற்றுப் பெரிது. அது நாளொன்றுக்குச் சராசரி 2.2 யூனிட் தரும். தினமும் 20 கிலோமீட்டர் ஓடும் சைக்கிளுக்கு, மோட்டாரைச் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்தினாலும், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து 0.3 யூனிட் போதும். ஒரே பேனலில் ஏழு சைக்கிள். மின்சார ஸ்கூட்டர் என்றால் அதைப்போல இரண்டரை மடங்கு கேட்கும், கார் என்றால் பத்து மடங்குக்கும் மேல். சூரிய மின்சாரத்துக்குப் பொருத்தமான வண்டி எது என்று யாராவது கேட்டால், சைக்கிளைத் தவிர வேறு பதில் எனக்குத் தோன்றவில்லை. பேனலுக்கும் பஞ்சமில்லை. 2014 மார்ச்சில் நாட்டின் மொத்தச் சூரிய மின்திறன் 3,000 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. 2025 ஜனவரியில் அது ஒரு லட்சம் மெகாவாட்டைத் தாண்டியது. 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்தபோது, ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சூரிய மின்நிலையம் என்று அதைச் சொன்னார்கள். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் மாடிப் பேனலுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது.

மாடிப் பேனலிலிருந்து சைக்கிளுக்குக் கரண்ட் எப்படி வரும் என்பதிலும் ஒரு விபரீத யோசனை சுற்றுகிறது. நடுவில் எதற்கு இன்வெர்ட்டர், பேனல் வயரை நேரே பேட்டரியில் மாட்டிவிடலாமே என்கிறார்கள். பெரிய பேனலில் இது கேரியர் வேடிக்கையைப் போல் சும்மா போகாது. பேனலின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 550 வாட் பேனலில் திறந்த சுற்று வோல்டேஜ் 49 என்றோ 50 என்றோ போட்டிருக்கும். மின்னோட்டம் 13 ஆம்பியர். சைக்கிள் பேட்டரி தாங்குவது 42 வோல்ட், அதன் சார்ஜர் தருவது வழக்கமாக 2 ஆம்பியர். கணக்கு புரிகிறதா? பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புப் பலகை பழுதானால் அடுத்தது தீதான். மாடிப் பேனல் இன்வெர்ட்டர் வழியாக வீட்டு மெயினுக்கு வரட்டும். சைக்கிளோடு கம்பெனி கொடுத்த சார்ஜரைச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள். பகலில் உங்கள் பேனல் தரும் யூனிட்டைப் பக்கத்து வீட்டு மிக்சி எடுத்துக்கொண்டாலும் மீட்டர் கணக்கில் அது உங்களுடையதுதான்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டியதில்லை. வெயில் சுட்டால் கரண்ட் கூடும் என்பது தப்பு. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு ஏற ஏற டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். மழைக்காலத்தில் பேனல் செத்துவிடும் என்பதும் தப்பு, குறையும், நிற்காது. பேனல் செய்யச் செலவான மின்சாரத்தை அது வாழ்நாளில் திருப்பித் தராது என்பது பழைய புளுகு. நம் வெயிலில் ஓராண்டையொட்டி அந்தக் கடன் அடைந்துவிடும், உத்தரவாதமோ 25 ஆண்டுக்கு. மாடியில் சோலார் போட்டால் பவர்கட்டே வராது என்பதும் இல்லை. பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், கம்பத்தில் ஏறிய லைன்மேன் உயிரோடு இறங்க வேண்டுமே. நிலக்கரிக் கரண்டில் ஏற்றினால் பெட்ரோல் புகையும் இதுவும் ஒன்றுதான் என்பவர்கள் மட்டும் சற்று நில்லுங்கள். நம் மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமிலவாயு. சைக்கிளுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 10 கிராம்தான் ஆகும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக்குக்கு 45 கிராம். சோலாரே இல்லாவிட்டாலும் சைக்கிள் ஜெயிக்கிறது.

எனக்குக் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் ஒன்றே ஒன்றுதான்: வெயில் அடிக்கும் நேரத்தில் சைக்கிள் வீட்டில் இல்லையே? தனி மாடி இல்லாத ஃப்ளாட்காரர் என்ன செய்வார்? ராத்திரி ஏழு மணிக்கு வீடு திரும்பி எல்லோரும் ஒரே நேரத்தில் சார்ஜரை மாட்டினால், சூரியன் போன பிறகுதானே கரண்ட் கேட்கிறோம்? உண்மைதான். பகலில் மிஞ்சுகிறது, மாலையில் முட்டுகிறது. இதனால்தான் சூரிய மணிநேரங்களில் கட்டணத்தைச் சாதாரணக் கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைக்க வேண்டும், உச்ச நேரத்தில் கூட்ட வேண்டும் என்று 2023இல் மத்திய மின்நுகர்வோர் விதிகளையே திருத்தினார்கள். ஆனால் பகலில் சைக்கிள் எங்கே இருக்கிறது என்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை அது கம்பெனி ஸ்டாண்டில் நிற்கிறது, ரயில் நிலைய ஸ்டாண்டில் நிற்கிறது, கல்லூரி மதில் ஓரத்தில் நிற்கிறது. பேனல் வேலை செய்யும் நேரமும் அதேதான். கூரை போட வேண்டிய இடத்தில் தகரத்துக்குப் பதில் பேனலைப் போடுவதற்கு ராக்கெட் விஞ்ஞானிகளைக் கூப்பிட வேண்டியதில்லை. சிப்காட் வளாகங்களில் மேலாளர்களின் காருக்கு நிழற்கூரை இருக்கிறது. தொழிலாளியின் சைக்கிள் வேப்பமரத்தை நம்பி நிற்கிறது.

ஐம்பது சைக்கிள் ஸ்டாண்டுக்கு என்ன ஆகும் என்று பார்ப்போம். தினம் ஒன்றுக்கு 15 யூனிட். 550 வாட் பேனல் எட்டு போட்டால் 17 யூனிட்டுக்குக் குறையாது. எட்டுப் பேனலுக்கு வேண்டிய இடம் 21 சதுர மீட்டர். ஐம்பது சைக்கிள் நிற்க அதைப்போல மூன்று மடங்கு தேவை. கூரையில் மூன்றில் ஒரு பங்கு போதும், மிச்சத்தில் போடும் பேனல் அலுவலக ஃபேனுக்கு. சார்ஜர் ஒவ்வொன்றும் 100 வாட்டுக்குள்தான் இழுக்கும், பழைய சீலிங் ஃபேன் அளவு. சாதாரண 5 ஆம்பியர் சாக்கெட் தாங்கும். பேட்டரி வெயில் படாமல் நிழலில் சார்ஜ் ஆகும், அந்த நிழலைக் கொடுப்பதே பேனல்தான். செலவு என்று தனியாகப் பார்க்க வேண்டியது சாக்கெட்டை மழைத் தண்ணீர் படாத உயரத்தில் வைப்பதும், வரிசைக்கு ஒன்றாகக் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் போடுவதும், கழற்றக்கூடிய பேட்டரியை யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி பூட்டு வைப்பதும்தான். கம்பெனி நிர்வாகமோ கல்லூரி நிர்வாகமோ எஸ்டிமேட் கேட்டால், இந்த மூன்றையும் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.