நெற்பயிருக்குள்ளே ஒரு கண்ட்ரோல் பேனல்



லேப்பில் மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலே செட் பண்ணியிருப்பீர்கள். குறைத்து வைத்தால் சும்மா சும்மா டிரிப் ஆகும்; கூட்டி வைத்தால் வைண்டிங் எரியும். நெல்லுக்கும் இதே தொல்லைதான்!

கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல், குலைநோய் ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்றது. காரணம், நோய்க்கு அது சுலபமாக ஆளாகும். எதிர்ப்பு ஜீன்களை அதற்குள் புகுத்தித்தான் ஒவ்வொன்றின் பலத்தையும் சோதித்தார்கள்.

அப்படியானால் எதிர்ப்பு ஜீன்களை எப்போதும் 'ஆன்' நிலையில் வைத்துவிடலாமே? கூடாது. நோய் கண்ட செல் தன்னையே அழித்துக்கொண்டு கிருமியைத் தடுக்கும் ஏற்பாடு அது. தேவையில்லாமல் ஓடினால் வளர்ச்சி குன்றும், மகசூல் குறையும். எனவே செடி பல இடங்களில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மூன்றைப் பார்ப்போம்.

1. குரோமாட்டின்: டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்ற புரதங்களில் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கிறது. இறுகிய இடத்து ஜீன் பேசாது. டி.என்.ஏ.மேல் விழும் மெத்தில் முத்திரையும் ஜீனை அடக்கும். சீன நெல் ஒன்றில் இரண்டு ஜீன்கள் ஜோடியாக வேலை செய்வதை 2017-இல் கண்டார்கள். பிக்ம்-ஆர் நோயை எதிர்க்கும். ஆனால் மணியின் எடையைக் குறைக்கும். பிக்ம்-எஸ் அதை அடக்கி மகசூலைக் காக்கும். இலையில் பிக்ம்-எஸ் மெத்தில் பூட்டில் கிடக்கும், மகரந்தத்தில் விழித்திருக்கும். இலையில் காவல், பூவில் விளைச்சல்!

2. வெட்டி ஒட்டுதல்: ஜீனிலிருந்து வரும் ஆர்.என்.ஏ.வை, சினிமா எடிட்டிங் மாதிரி வெட்டி ஒட்டுவதே ஸ்பிளைசிங். புகையிலைத் தேமல் வைரஸை எதிர்க்கும் 'என்' ஜீனிலிருந்து இரண்டு விதப் பிரதிகள் வருகின்றன. இரண்டும் இருந்தால்தான் முழு எதிர்ப்பு என்று 2000-இல் தெரியவந்தது.

3. சின்ன ஆர்.என்.ஏ.: மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த பி.வி. சிவப்பிரசாத், கேம்பிரிட்ஜில் பால்கோம் குழுவினருடன் 2012-இல் வெளியிட்ட செய்தி இது. தக்காளியில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 482, எதிர்ப்பு ஜீன்களின் பிரதிகளை வெட்டிக் குறைக்கிறது. அதாவது பிரேக்! வைரஸோ பாக்டீரியாவோ தாக்கும்போது அந்தப் பிரேக் தளர்கிறது; எதிர்ப்பு எழுகிறது.

ஆக, நல்ல ஜீனைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது. அதன் சுவிட்சும் சரியாக அமைய வேண்டும். நம்ம சிந்தாதிரிப்பேட்டையில் வயல் இல்லைதான். ஆனால் தினமும் தட்டில் சோறு விழுகிறதே, நண்பர்களே!