ஈசி கிளீன், பட்டா இருக்கு, அப்புறமென்ன?

போன தை மாதம் சித்தப்பா மஞ்சள் பையோடு வந்தார். தாம்பரம் பக்கம் ஒரு தனி வீடு பார்த்திருந்தார். மறுநாள் நல்ல நாள், அட்வான்ஸ் கொடுப்பதாகப் பேச்சு. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார்: முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா நகல், 1987இல் எழுதிய கிரயப் பத்திரத்தின் ஜெராக்ஸ், வங்கி மேனேஜர் கொடுத்த கார்டு.

"ஈசி கிளீன். பட்டா அவங்க பேர்ல இருக்கு. பேங்க்கும் லோன் தரேங்குது. அப்புறமென்ன?" என்றார்.

அவர் சொன்ன மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றையும் கூட்டினாலும் அந்த வீடு விற்பவருக்கு மட்டுமே சொந்தம் என்று ஆகிவிடாது. வீடு வாங்குவது, விற்பது பற்றி நம்மிடையே உலவும் நம்பிக்கைகளில் முழுப் பொய் குறைவு. ஒரு காகிதம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. அதையே மற்ற கேள்விகளுக்கும் பதிலாக நாம் நீட்டிக்கொள்கிறோம். சித்தப்பாவின் பையிலிருந்தே தொடங்கலாம்.

நம்பிக்கை 1: ஈசியில் ஒன்றுமில்லை என்றால் வில்லங்கமே இல்லை.

உண்மை: வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டின் சாரம். நாம் கேட்ட காலத்தில், கேட்ட சர்வே எண்ணில் என்னென்ன பத்திரங்கள் பதிவாயின என்று சொல்லும். பதிவுக்கே வராத எதுவும் அதில் இருக்காது. உயிலைப் பதிந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. அதனால் பதியாத உயில் ஈசியில் தெரியாது. ஒரிஜினல் பத்திரத்தை வட்டிக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வாங்கிய கடன் தெரியாது. நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கு பெரும்பாலும் தெரியாது. சொத்து வரி பாக்கி தெரியாது.

சித்தப்பாவின் ஈசி 1995இல் தொடங்கியது. முப்பது வருஷத்தில் ஒரு பதிவும் இல்லை. பார்க்க எவ்வளவு சுத்தம்! ஆனால் 1987இல் வீட்டை வாங்கிய பெரியவர் இடையில் காலமாகிவிட்டார். மரணத்தை யாரும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவதில்லை. அவர் போன பிறகு வீடு யார் யாருக்குப் போனது என்ற கேள்வி அந்த வெற்றுத் தாளுக்குள் ஒளிந்திருந்தது.

இன்னொன்று: சர்வே எண் உட்பிரிவாகியிருந்தால் பழைய எண்ணிலும் ஈசி போடுங்கள். பதிவு அலுவலகத்தின் எல்லை மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேடுங்கள். எண் தவறினால் அதுவும் 'கிளீன்' என்றுதான் வரும்.

நம்பிக்கை 2: பட்டா யார் பேரில் இருக்கிறதோ, அவர்தான் சொந்தக்காரர்.

உண்மை: பட்டா வருவாய்த் துறையின் ஆவணம், நிலத்தீர்வையை யாரிடம் வசூலிப்பது என்பதற்காக வந்த வழக்கம். வருவாய்ப் பதிவுகளால் மட்டும் சொத்துரிமை பிறப்பதுமில்லை, போவதுமில்லை என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. உரிமையைக் கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், வாரிசு என்று வந்த வழியைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

அதற்காகப் பட்டாவை ஒதுக்கிவிடவும் கூடாது. அது வேறு கேள்விக்கு நல்ல பதில் சொல்லும்: பரப்பு எவ்வளவு, நிலம் எந்த வகை? சித்தப்பாவின் பட்டாவில் 2 ஏர் என்று இருந்தது. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர். அப்படியானால் 200 சதுர மீட்டர், சுமார் 2,153 சதுர அடி. கிரயப் பத்திரமோ 2,400 சதுர அடி, அதாவது ஒரு கிரவுண்டு என்றது. மீதி 247 சதுர அடி தெருவுக்குப் போனதா, பக்கத்து வீட்டுச் சுவருக்குள் போனதா? சர்வேயரை வைத்து, புலப்படத்தோடு ஒப்பிட்டு அளந்தால்தான் தெரியும். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசும் ஊரில் இந்தக் கணக்குக்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கலாம்.

நம்பிக்கை 3: கட்டிக் கொடுத்த பெண்ணின் கையெழுத்து தேவையில்லை.

உண்மை: தமிழ்நாட்டில் வீட்டு வழக்குகளை அதிகம் வளர்க்கும் நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அவருடைய அம்மா, எல்லோருக்கும் சம பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆனதா என்று சட்டம் கேட்பதே இல்லை.

பூர்விகச் சொத்தில் தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்கு உரிமை கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. 2005இல் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தில் அந்தப் பாகுபாடும் போனது. அந்தத் திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களில் பங்குக் கணக்கு வேறு. ஆனால் மகளுக்குப் பங்கே இல்லை என்று அங்கும் சட்டம் இல்லை.

சித்தப்பாவிடம் வாரிசுச் சான்றிதழை வாங்கிவரச் சொன்னேன். இரண்டு நாளில் வந்தது. விரலை வைத்து எண்ணினோம். வாரிசுச் சான்றில் ஐந்து பெயர்: அம்மா, மூன்று மகன்கள், ஒரு மகள். பட்டாவில் நான்கு பெயர். பத்திர எழுத்தர் தயாரித்திருந்த வரைவிலும் நான்கே கையெழுத்து. கேட்டதற்கு மூத்தவர், "அவளுக்குத்தான் கல்யாணத்தப்பவே நாப்பது பவுன் போட்டாச்சே" என்றாராம்.

நகை போட்டது பங்கைக் கொடுத்ததாகாது. அந்தப் பெண் பங்கை வேண்டாம் என்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும். இல்லையென்றால் கிரயப் பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுகளில் மைனர் பிள்ளை இருந்தால் இன்னும் கவனம்: மைனரின் சொத்தை நீதிமன்ற அனுமதியின்றி விற்றால், பிள்ளை பதினெட்டு வயதைத் தாண்டி மூன்று ஆண்டுக்குள் அந்தக் கிரயத்தையே எதிர்த்து வழக்குப் போடலாம்.

நம்பிக்கை 4: அட்வான்சுக்கு இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கினால் போதும்.

உண்மை: தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பதியாத ஒப்பந்தத்தை வைத்து வழக்கே போட முடியாது என்பதில்லை. ஒப்பந்தப்படி கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் அதைச் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பதிந்தால் வேறொரு லாபம் உண்டு. ஒப்பந்தம் ஈசியில் ஏறிவிடும். அதே வீட்டைக் காட்டி இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்குவது கடினமாகும். எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தாலும், ஒப்பந்தம் உங்களைச் சொந்தக்காரர் ஆக்காது. கிரயப் பத்திரம்தான் ஆக்கும்.

கூடவே ஒரு குட்டி நம்பிக்கை: 'ஸ்டாம்ப் பேப்பர் ஆறு மாசம்தான் செல்லும்'. அந்த ஆறு மாதம், பயன்படுத்தாத முத்திரைத்தாளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கான கெடு. பழைய தாளில் எழுதியது என்பதற்காக ஒப்பந்தம் செல்லாது என்று ஆகாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றமே சொன்னது இது.

நம்பிக்கை 5: பவர் வாங்கிவிட்டால் வீடு நம்முடையது.

உண்மை: பவர் பத்திரம் என்பது ஒருவருக்காக இன்னொருவர் செயல்பட அனுமதி, அவ்வளவுதான். பொது அதிகாரப் பத்திரம் மூலம் நடக்கும் 'விற்பனை' உரிமையை மாற்றாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. பவர் ஏஜென்டிடமிருந்து முறையாகக் கிரயம் வாங்கலாம், தவறில்லை. ஆனால் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று அவரிடமே பேசிவிடுங்கள். கொடுத்தவர் இறந்தால் பொதுவாகப் பவரும் அதோடு முடிந்தது.

நம்பிக்கை 6: ரிஜிஸ்தர் ஆபீஸே பதிந்தாயிற்று, பேங்க்கே லோன் கொடுத்தாயிற்று.

உண்மை: 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது, விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பணத்துக்காக. நாளைக்கு வழக்கில் வீடு போனாலும் மாதத் தவணை உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். உங்களுக்காகப் பத்திரம் பார்க்கும் வக்கீல், உங்களிடம் ஃபீஸ் வாங்குபவராக இருக்கட்டும். விற்பவரோ புரோக்கரோ பிடித்துத் தருபவர் வேண்டாம்.

நம்பிக்கை 7: பஞ்சாயத்து அப்ரூவ்டு மனை, பயமில்லை.

உண்மை: மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கு இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதியில் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் டிடிசிபி ஒப்புதல் வேண்டும். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான் பலருக்கு இது உறைத்தது. பின்னால் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20ஐ எல்லைக் கோடாக வைத்தது. பழைய மனை என்றால் அது வரன்முறை ஆகியிருக்கிறதா என்று கேளுங்கள்.

புதிய அடுக்கக வீடு என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் பில்டர் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. கட்டுமானக் குறைக்கு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் அவர் பொறுப்பு.

நம்பிக்கை 8: பத்திரத்தில் குறைத்துக் காட்டினால் இரண்டு பேருக்கும் லாபம்.

உண்மை: தமிழ்நாட்டில் மனை, தனி வீட்டுக் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்ச ரூபாய்க்கு 3,60,000 ரூபாய். வலிக்கத்தான் செய்யும். ஆனால் கறுப்பில் கொடுத்த பணத்துக்கு வாங்கியவரிடம் ரசீது இல்லை. உரிமை வழக்கில் தோற்றால் பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் திருப்பிக் கேட்க முடியும். பிறகு விற்கும்போது அடக்க விலை குறைவாக இருப்பதால் வரி கூடும்.

விற்பவருக்கு ஆபத்து இன்னும் நேரடி. சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. விலை 50 லட்சத்தைத் தொட்டால், வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ குடியிருப்பவர் என்றால் இந்த 50 லட்சக் கணக்கே கிடையாது, பிடித்தமும் கூடுதல். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

நம்பிக்கை 9: அப்பா வழி வந்த வீடு, விற்றால் வரி வராது.

உண்மை: வாரிசாக வரும்போது வரி இல்லை, விற்கும்போது உண்டு. அப்பா வாங்கிய விலையும், அவர் வைத்திருந்த காலமும் உங்கள் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கியதாக இருந்தால், இந்தியாவில் வசிப்பவர்கள் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து, குறைந்ததைக் கட்டலாம். லாபத்தை வைத்து இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று ஆண்டுக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. மகள் கல்யாணத்துக்குச் செலவழித்தால் கிடையாது.

கடைசியாக, செலவில்லாத இரண்டு வேலைகள். ஜெராக்ஸைப் பார்த்துத் திருப்தியடையாமல் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பாருங்கள். "பீரோவில இருக்கு, அப்புறம் காட்டறேன்" என்றால் அட்வான்ஸும் அப்புறமே. பிறகு ஒரு சாயங்காலம் அந்தத் தெருவில் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசிப் பாருங்கள். ஈசியில் ஏறாத வழக்கு அவர் வாயில் ஏறியிருக்கும்.

சித்தப்பாவின் அட்வான்ஸ் அந்த நல்ல நாளில் போகவில்லை. திருநெல்வேலியிலிருந்து அந்தத் தங்கை வந்தார், வக்கீலிடம் பேசினார், தன் பங்கைத் தன் பெயரில் டிடியாகக் கேட்டார். அண்ணன்கள் முகம் சுளித்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். வைகாசியில் பதிவு நடந்தது. ஐந்து பேரும் வரிசையாக விரல் ரேகை வைத்தார்கள். கடைசியாக வைத்தவர் தங்கை.

வெளியே வந்து டீ குடிக்கும்போது, "நாலு மாசம் இழுத்துடுச்சு" என்றேன்.

"இழுக்கட்டும்" என்றார் சித்தப்பா, மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு. "இனிமே அந்தக் கதவைத் தட்டி, இது எங்கப்பா வீடுன்னு யாரும் நிக்க மாட்டாங்கல்ல."