வெந்நீர் அடுப்பு: குளிர் இறங்குமுன் செய்ய வேண்டியவை

கார்த்திகை பிறந்துவிட்டது. மழை இன்னும் முழுதாக விடவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் வானம் வெளுத்ததும் பெங்களூரில் விடியற்காலைக் குளிர் பிடித்துக்கொள்ளும். மார்கழியிலும் தையிலும் அதிகாலை 15 டிகிரி என்பது சாதாரணம். சில நாள் அதற்கும் கீழே இறங்கும். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, 1884 ஜனவரி 13-ஆம் தேதி. அப்படியொரு குளிரை நம்மில் யாரும் இங்கே பார்த்ததில்லை. ஆனால் தொட்டித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளக் கை தயங்கும் காலைகள் வருடம் தவறாமல் வருகின்றன.

அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பழைய வீடுகளின் பின்கட்டிலும், ஆனேக்கல், ஓசூர் சாலைப் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும் செப்பு பாய்லரோ கட்டிவைத்த அண்டா அடுப்போ இன்னும் இருக்கிறது. அதைப் பற்ற வைக்கப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முதலில் ஒன்று: இந்த ஊர்க் குளிருக்கு அறையைச் சூடாக்க வேண்டியதில்லை. குளிக்கத் தண்ணீர் சுட்டால் போதும், படுக்கக் கம்பளி இருந்தால் போதும். விறகு எரிவது வீட்டுக்கு வெளியே, புகைக்கூண்டு வைத்த அடுப்பில் மட்டும்தான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

விறகை இந்த வாரமே பாருங்கள். கோடையில் வாங்கிப் பிளந்து அடுக்கி வைத்தவர்களுக்குக் கவலையில்லை. இப்போது வாங்குகிறவர்கள் விறகு விற்கும் சௌதே டிப்போவில் கேட்க வேண்டியது மர வகையைக்கூட அல்ல. கூரைக்கு அடியில் கிடந்ததா, மழையில் நனைந்ததா என்பதைத்தான். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது பொத்தென்று அமுங்கும். காய்ந்த கட்டையின் வெட்டு முகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும். பட்டை விரலால் நெம்பினாலே கழன்று வரும். சவுக்கு, சீமைக்கருவேல், தைலமரம், புங்கம் எல்லாமே காய்ந்திருந்தால் நன்றாக எரியும். மழையில் சாய்ந்த தெருமரத்தின் கிளை இலவசமாகக் கிடைத்தால் கொண்டுவாருங்கள், ஆனால் இந்தக் குளிருக்கு அதை எரிக்காதீர்கள். இப்போதே பிளந்து அடுக்கிவிட்டால் வரும் மாசி, பங்குனி வெயிலில் உலர்ந்து அடுத்த கார்த்திகைக்குத் தயாராக இருக்கும்.

பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அது ஆவியாகிப் போகும்வரை நெருப்பு சூடேறாது. விறகு சூடானதும் முதலில் அதிலிருந்து வாயு பிரிகிறது. விறகு தரும் சூட்டில் பாதிக்கு மேல் அந்த வாயுவில்தான் இருக்கிறது. அது முழுதாக எரிய ஏறக்குறைய 600 டிகிரி வேண்டும். ஈரம் நெருப்பைக் குளிர வைத்தால் வாயு எரியாமலே மேலே போய்விடும். அதைத்தான் புகை என்கிறோம். கண் எரிச்சலும் இருமலும் பக்கத்து வீட்டுக்காரர் முகச்சுளிப்பும் தனி. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய விறகே வானத்துக்குப் போகிறது என்பது முதல் கணக்கு.

அடுக்கும்போது நாலு செங்கல்லைப் போட்டுத் தரையிலிருந்து உயர்த்துங்கள். மேலே தகரம் போதும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். தார்ப்பாயால் முழுதாகச் சுற்றி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று பூசணம் பிடிக்கும். நாளைக்கு வேண்டிய விறகை இன்று அடுப்புக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். அடுப்பின் மேலே வைக்க வேண்டாம்.

அடுத்தது பாய்லரில் படிந்த கரி. கன்னட வீடுகளில் நரக சதுர்த்தசிக்கு முந்தின மாலை ‘நீரு தும்புவ ஹப்ப’. ஹண்டே என்கிற வெந்நீர் அண்டாவைப் புளிபோட்டுத் தேய்த்து, பொட்டிட்டுக் கொடி சுற்றி, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். நம் வீடுகளிலும் தீபாவளிக்கு முதல்நாள் வெந்நீர்த் தவலைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற வழக்கம் உண்டு. குளிர்காலம் தொடங்குமுன் அடுப்பைச் சரிபார்க்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று பெரும்பாலும் வெளிப்புறச் செம்புதான் பளபளக்கிறது. வேலை இருப்பது உள்ளே. தீபாவளி போய்விட்டதே என்று விட்டுவிடாமல் இந்த ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.

பாய்லரின் நடுக்குழாயில் ஒட்டியிருக்கும் கரி, சூடு தண்ணீருக்குப் போகாமல் தடுக்கும் போர்வை. நீண்ட கம்பியில் தேங்காய் நாரைக் கட்டி மேலிருந்து கீழே இழுத்து எடுங்கள். புகைக்கூண்டிலும் அப்படியே, உள்ளே கீல்போலப் பளபளப்பாகப் படிந்திருந்தால் போன வருடம் ஈர விறகு எரித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அந்தப் படிவு தீப்பிடிக்கும், அதனால் சுரண்டி எடுத்தே ஆக வேண்டும். கம்பித் தட்டின் அடைப்பைத் தட்டிவிடுங்கள். காற்று கீழிருந்துதான் வர வேண்டும், சாம்பல் நிரம்பினால் நெருப்புக்கு மூச்சு முட்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் உள்பக்கம் உப்பு படிந்திருக்கும். எலுமிச்சை உப்பைக் கரைத்து ஓரிரவு ஊறவிட்டு, இரண்டு மூன்று தடவை அலசிக் கொட்டினால் பெரும்பகுதி இளகிவிடும். பற்று வைத்த இடங்களில் கசிவு இருந்தால் பற்ற வைக்குமுன் பாத்திரக்காரரிடம் காட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஒருமுறை நெருப்பு வைத்தாலே ஈயப் பற்று உருகி பாய்லர் போய்விடும். தண்ணீர் வெளியே வரும் வாயை எக்காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். நீராவி போக வழியில்லாத பாய்லர் வெடிக்கும்.

சரி, எப்படி எரிப்பது? இதற்கு இந்த ஊரிலேயே பெரிய படிப்பு நடந்திருக்கிறது. ஊர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்கிற இந்திய அறிவியல் கழகத்தில் 1974-இல் ஏ.கே.என். ரெட்டி ‘ஆஸ்ட்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கிராமத்துக்கு உதவுகிற அறிவியல் வேண்டும் என்பது அதன் நோக்கம். அங்கே உருவாகி 1980-களில் கர்நாடக கிராமங்களுக்குப் போனதுதான் ஆஸ்ட்ரா ஒலெ. (கன்னடத்து ஒலெயும் நம் உலையும் ஒரே சொல்தான்.) மூன்று பாத்திரம் வைக்கிற அடுப்பு அது. விறகு கம்பித் தட்டின்மேல் எரியும், வாயில் கதவு காற்றை அளந்து விடும், சூடு முதல் பாத்திரத்தைத் தொட்டு இரண்டாவது, மூன்றாவதைச் சுற்றிக் கடைசியில்தான் புகைக்கூண்டுக்குப் போகும். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 சதவீதம் பாத்திரத்தில் சேர்ந்தால் அதிகம். இந்த அடுப்பு ஆய்வகத்தில் 40 சதவீதத்துக்கும் மேல் காட்டியது.

நம் குளியலுக்கு இதைக் கணக்காக்கிப் பார்க்கலாம். ஒரு குடும்பத்துக்கு 60 லிட்டர், 20 டிகிரித் தண்ணீரை 45 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் 1,500 கிலோ கலோரி சூடு தேவை. காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 தரும். 15 சதவீதம் மட்டும் தண்ணீரில் சேர்கிற அடுப்புக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ விறகு. 40 சதவீதம் சேர்ந்தால் 1 கிலோவும் கொஞ்சமும். மார்கழி, தை இரண்டு மாதத்துக்கு இந்த வித்தியாசம் நூறு கிலோவைத் தாண்டும்.

புது அடுப்பு கட்டாமலே இதில் பாதியை எட்டலாம். விறகை மணிக்கட்டுக் கனத்துக்கு மேல் போகாமல் பிளந்துகொள்ளுங்கள். அண்டா அடுப்பில் கனமான கட்டையைக் கீழே இரண்டு அடுக்கு வைத்து, மேலே சுள்ளியும் கொட்டாங்குச்சித் துண்டும் வைத்து, மேலிருந்து பற்ற வையுங்கள். நெருப்பு கீழ்நோக்கி இறங்கும். அடியில் கிளம்பும் புகை மேலே இருக்கும் சுவாலையைத் தாண்டாமல் போக முடியாது, அங்கேயே எரிந்துவிடும். பாட்டி காலத்து வழக்கத்துக்கு இது நேர் எதிர் என்றாலும் ஒரு நாள் செய்து பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பாய்லரில் குழாயைச் சுற்றிலும் பச்சைத் தண்ணீர் இருப்பதால் தொடக்கத்தில் சுவாலை குளிர்ந்து புகையும். அதற்காக முதல் பத்து நிமிடம் விரல் கனத்துக்கு மேல் எதையும் போடாமல், நன்றாகக் காய்ந்த சிராயை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். வாயை நிரம்ப அடைக்காதீர்கள், மேல்பாதி காற்றுக்கு இருக்கட்டும். மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக் பையும் பற்றவைக்கிற சாமான் அல்ல.

தண்ணீரைக் கொதிக்கவும் விடாதீர்கள். கொதிக்க வைத்து, பிறகு பச்சைத் தண்ணீர் விளாவிக் குளிப்பது நம் பழக்கம். தண்ணீர் எவ்வளவுக்குச் சூடோ அவ்வளவுக்கு அது வெளியே விடுகிற சூடும் அதிகம். வேண்டிய அளவை முழுதாக ஊற்றி, தட்டுப்போட்டு மூடி, கை பொறுக்கிற சூட்டில் நிறுத்துவது சிக்கனம். வேலை முடிகிற நேரத்தில் புதுக் கட்டை போடாமல் இருக்கிற தணலிலேயே கடைசி வாளி சுடட்டும்.

எரிக்கக் கூடாதவை சில உண்டு. பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட், சன்மைக்கா ஒட்டிய பலகை, பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டை எல்லாம் வீடு இடிக்கிற இடங்களில் மலிவாகக் கிடைக்கும். அவற்றின் புகையில் ஈயமும் பசையின் நஞ்சும் இருக்கும், சாம்பலிலும் தங்கும். அரளிக் கட்டையின் புகையும் விஷம். வாசலில் குவிந்த சருகையும் குப்பையையும் கொளுத்திக் குளிர்காய்வது சட்டப்படியே குற்றம். திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 2016 டிசம்பர் 22-ஆம் தேதி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடை செய்தது; சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய். அந்த வழக்கைத் தொடுத்த அல்மித்ரா படேல் பெங்களூர்க்காரர். சருகை மக்க விடுங்கள்.

குளிர்காலக் காலையில் தரையோரம் குளிர்ந்த காற்றும் அதன்மேல் சற்றே வெதுவெதுப்பான காற்றும் மூடிபோல நிற்கும். புகை மேலே கலையாமல் தெருவிலேயே தங்கும். ஆகவே முடிந்தால் வெயில் ஏறியபின், எட்டு மணிக்கு மேல் பற்ற வையுங்கள். புகைக்கூண்டு கூரையைவிட மூன்றடியாவது உயர்ந்திருக்கட்டும். முப்பதுக்கு நாற்பது மனையில், பக்கத்து வீட்டு ஜன்னல் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தால், இன்னொரு வீட்டுக் குழந்தையின் மூச்சில் கலக்கிற புகைக்கு எந்தச் சிக்கனமும் ஈடாகாது. அந்த வீடுகளில் விறகு வேண்டாம் என்றுதான் சொல்வேன். மொட்டைமாடியில் சூரிய வெந்நீர்த் தொட்டி உள்ளவர்கள் குழாய்களைத் துடைத்துவிட்டு அதையே நம்புங்கள், மேகமூட்டமான நாளுக்கு மட்டும் மின்சாரம். புகையைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்: வீட்டுக்குள் எரியும் அடுப்பு, விளக்கின் புகையால் 2020-இல் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது.

இனி, முதலில் நிறுத்தி வைத்த விஷயம். தணலை அறைக்குள் கொண்டுவராதீர்கள். குளித்து முடித்தபின் பாய்லரில் சிவப்பாகக் கிடக்கிற கங்கைப் பார்த்தால் எடுத்துப் படுக்கையறையில் வைக்கத் தோன்றும். புகையே இல்லையே என்று நினைப்போம். புகை அடங்கிய தணல்தான் கார்பன் மோனாக்சைடை அதிகம் விடுகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், பிறகு தூக்கம், தூங்கினவர் எழுவதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் ஜன்னலை அடைத்துத் தணல் வைத்துச் சாம்பிராணி போடுகிற வழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குழந்தையின் தலையைத் துணியால் துவட்டி, அம்மாவின் மார்போடு அணைத்துக்கொண்டால் தேவையான சூடு கிடைத்துவிடும். குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு, அதை வெளிச் சுவருக்கு மாற்றுங்கள். யாராவது மயங்கினால் கதவு ஜன்னலைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த நச்சுக்காற்றுக்கு இரையாகிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுக்காரர்கள் அல்ல. கட்டடம் எழும் இடத்தில் தகரக் கொட்டகைக்குள் பாண்டுசட்டியில் கரி போட்டுக்கொண்டு படுக்கிறவர்களும், கேட்டருகே பெட்டிபோன்ற அறைக்குள் இரவு முழுவதும் உட்கார்ந்திருக்கும் காவலாளிகளும்தான். டெல்லியில் காற்று கெடும் நாட்களுக்கான நடவடிக்கைத் திட்டத்திலேயே, குடியிருப்போர் சங்கங்கள் காவலாளிகளுக்கு மின் ஹீட்டர் தர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே யாரும் சொல்லக் காத்திருக்க வேண்டாம். இந்த மாதக் கூட்டத்தில் பேசி, டிசம்பர் பிறக்குமுன் ஒரு ஹீட்டர், ஆளுக்கொரு கம்பளி, ஃபிளாஸ்க்கில் சூடான தேநீர் ஏற்பாடு செய்யுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றிரவே ஒருமுறை போய்க் கொட்டகைக்குள் எட்டிப் பாருங்கள்.