கரையில் ஒரு பகல்: கரீபியன் கப்பல் பயணத்தில் நம்பிக்கைகளும் உண்மைகளும்

கரீபியன் கடலில் ஒரு வாரம் சுற்றிவரும் சொகுசுக் கப்பல் பெரும்பாலும் மூன்று நான்கு தீவுகளில் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பகல்தான். அந்தப் பகலுக்கான சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பவர்களில் பலர், தீவுகள் எல்லாம் ஒன்றுதான், வெண்மணலும் தென்னையும்தான் என்ற எண்ணத்தோடு தொடங்குகிறார்கள். தீவுகள் அப்படியில்லை. டொமினிக்கா எரிமலைகளால் எழுந்த மழைக்காட்டு நாடு. அங்கே வெண்மணல் அரிது, அருவிகளும் வெந்நீர் ஊற்றுகளும் ஏராளம். கிராண்ட் கேமன் தட்டையான சுண்ணாம்புக்கல் தீவு; அதன் அழகெல்லாம் நீருக்கு அடியில். கியூரசாவோ கள்ளி வளரும் வறண்ட நிலம். காண வேண்டியது அதன் தலைநகரான வில்லெம்ஸ்டாட். எந்தத் தீவு எதற்குப் பெயர்பெற்றதோ அதை அங்கே தேடுவதுதான் சரியான தொடக்கம்.

அடுத்த நம்பிக்கை நேரம் பற்றியது, இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்றால் கையில் ஒன்பது மணி நேரம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் கப்பலைத் துறையில் கட்டி நிறுத்திய பிறகும் துறைமுக அதிகாரிகள் அனுமதி தரும்வரை யாரும் இறங்க முடியாது. மாலையில், புறப்படும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லாரும் ஏறியிருக்க வேண்டும். கிராண்ட் கேமனிலும் பெலீஸ் சிட்டியிலும் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்பதில்லை. நங்கூரமிட்ட இடத்திலிருந்து சிறுபடகில் போய்வர வேண்டும். பெலீஸில் கடல் ஆழமில்லாததால் அந்தப் படகுப் பயணமே கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

மெக்சிகோவின் கொசுமெல் தீவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கிருந்து துலும் நகரத்து மாயா இடிபாடுகளைப் பார்க்க விரும்புகிறவர், பிளாயா டெல் கார்மெனுக்கு முக்கால் மணி நேரம் படகிலும், பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் சாலையிலும் போக வேண்டும். திரும்பி வருவதற்கும் அதே நேரம். பகலில் பாதி வழியிலேயே கழியும். கொசுமெல் தீவுக்குள்ளேயே சான் ஹெர்வாசியோ என்ற மாயா வழிபாட்டிடம் இருக்கிறது. இஷ்செல் என்ற தெய்வத்தை வணங்கப் பெண்கள் கடல் கடந்து வந்த தலம் அது. துலுமின் கடலோரக் குன்றுக் காட்சி அங்கே கிடைக்காது. ஆனால் மரநிழலில் அவசரமில்லாமல் நடக்கலாம். ஒரே பகல் வைத்திருப்பவருக்கு இதுவே மேல். செயின்ட் லூசியாவிலும் இதே கணக்குதான். யுனெஸ்கோ 2004-ல் உலக மரபிடமாக அறிவித்த பிட்டன் சிகரங்கள் தீவின் தென்மேற்கில் இருக்கின்றன. கப்பல் நிற்பதோ வடக்கே காஸ்ட்ரீஸில். இடையிலுள்ள மலைச்சாலையைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வளைவுகளில் தலைசுற்றும். மேற்குக் கரையோரமாகப் படகில் போகும் வழியும் உண்டு.

கைப்பேசி காட்டும் நேரம் தவறாது என்பதும் ஆபத்தான நம்பிக்கை. கொசுமெல், ஜமைக்கா, கேமன் தீவுகள் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. மயாமியிலோ மார்ச் முதல் நவம்பர் தொடக்கம்வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடும். கப்பல் மயாமி நேரத்தையே வைத்துக்கொண்டால், கப்பலில் 5 மணி ஆகும்போது கரையில் கைப்பேசி 4 என்று காட்டும். கப்பல் நேரத்துக்கு வைத்த ஒரு கைக்கடிகாரம் போதும், இந்தக் குழப்பம் வராது.

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலா மட்டுமே பாதுகாப்பானது என்று சிலரும், அது வீண்செலவு என்று வேறு சிலரும் உறுதியாகச் சொல்வார்கள். இரண்டும் பாதி உண்மை. கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாக்களையும் பெரும்பாலும் உள்ளூர் நிறுவனங்களே நடத்துகின்றன. கூடுதல் விலைக்குக் கிடைப்பது ஓர் உத்தரவாதம்: வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு நிறுவனமே கொண்டுசேர்க்கும். தனியாகச் சென்றவர் தாமதித்தால் கப்பல் போய்விடும். விமானச் செலவு அவருடையது, பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும். ஜூன் முதல் நவம்பர்வரை புயல் பருவம் என்பதால் நிறுத்தங்கள் மாறுவதும் உண்டு. அப்போது கப்பலில் வாங்கிய சுற்றுலாவுக்குப் பணம் திரும்பும். வெளியே பதிவு செய்தவர் நிபந்தனையை முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும். தொலைவான இடத்துக்குக் கப்பல் சுற்றுலா, துறைமுகத்துக்கு அருகிலுள்ள இடத்துக்குச் சொந்த ஏற்பாடு என்று பிரித்துக்கொள்வது அறிவுடைமை.

சுற்றுலா எதுவும் வாங்காதவருக்குப் பகல் வீண் என்ற நம்பிக்கையைப் பல துறைமுகங்கள் பொய்யாக்குகின்றன. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் பழைய நகரத்தை ஒட்டிக் கப்பல் நின்றால், எல் மோரோ கோட்டைவரை நடந்தே போகலாம். நசாவில், அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாறையைக் குடைந்து வெட்டிய படிக்கட்டு நடைதூரத்தில் இருக்கிறது. வில்லெம்ஸ்டாட்டில் 1888-ல் அமைந்த மிதவைப் பாலம் கப்பல்களுக்காக ஒதுங்கி வழிவிடுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். தமிழ் வாசகருக்கு இன்னொன்று முக்கியம்: குவாதலூப். அடிமைமுறை 1848-ல் ஒழிந்த பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கூலித் தொழிலாளர்களைக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசென்ற தீவு அது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் வழிபடும் ஷாங்ஜி கோயில் கப்பெஸ்டேர் பெல் ஓவில் வண்ணச் சிற்பங்களோடு நிற்கிறது. டாலர் எங்கும் செல்லும் என்று நம்பிப் போகக் கூடாது. அங்கே புழங்குவது யூரோ.

லைஃப் ஜாக்கெட் இருந்தால் நீச்சல் தெரிய வேண்டியதில்லை என்பது அமைதியான விரிகுடாவில் ஓரளவு சரி. அலையும் நீரோட்டமும் உள்ள இடத்தில் தவறு. ஜமைக்காவின் டன்ஸ் ரிவர் அருவியில் வழுக்கும் பாறைகளின்மேல் ஏற வேண்டும்; முழங்கால் வலி உள்ளவருக்கு அது உகந்ததில்லை. ஸ்கூபா டைவிங்குக்கு முன் மருத்துவப் படிவம் நிரப்ப வேண்டியிருக்கும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிடுவது நல்லது.

கிராண்ட் கேமனின் திருக்கைகள் வளர்ப்புப் பிராணிகள் என்ற எண்ணமும் பரவலாக உண்டு. மீனவர்கள் ஆழமற்ற மணல்திட்டில் மீன் கழுவிக் கழிவை எறிந்ததால் கூடத் தொடங்கிய காட்டுயிர்கள் அவை. வாலில் முள் இருக்கிறது. பாதத்தை உயர்த்தாமல் மணலில் தேய்த்து நடந்தால் அவற்றை மிதிக்க நேராது. நீரிலிருந்து தூக்கிப் படம் எடுப்பது கூடாது.

பெட்டியில் வைக்கும் பொருள்களுக்கும் சட்டம் உண்டு. பவளப்பாறைகளைக் காக்க, அமெரிக்க வர்ஜின் தீவுகள் 2020 முதல் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட், ஆக்டோகிரிலீன் கலந்த சன்ஸ்கிரீனைத் தடைசெய்துள்ளன. துத்தநாக ஆக்ஸைடு கலந்ததைக் கொண்டுபோகலாம். பார்படோஸ், ஜமைக்கா, செயின்ட் லூசியா ஆகிய நாடுகளில் ராணுவப் பச்சைத் திட்டுகள் போட்ட துணியைப் பொதுமக்கள் அணியக் கூடாது. குழந்தைகளின் சட்டைக்கும் தொப்பிக்கும் இது பொருந்தும்.